குருவி மங்கல், குச்சி தெளிவு: டெலி லென்ஸ் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை எனக்கு. ராத்திரி ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு முடியும். நேராக வீட்டுக்குப் போகாமல் கேமராப் பையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குள்ளோ சோலை ஓரத்துக்கோ போவது ஒன்பது வருஷத்துப் பழக்கம். என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 150-600 எம்.எம். ஜூம். 600-க்கு இழுத்தால் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் வாய், எஃப் 6.3. கேமரா ஏ.பி.எஸ்-சி என்ற சின்ன அளவு சென்சார் உள்ள டி.எஸ்.எல்.ஆர்., அதாவது உள்ளே கண்ணாடி வைத்த வகை. கீழே வரும் கணக்கெல்லாம் இந்த ஜோடிக்குப் போட்டது. வேறு லென்ஸ் என்றால் எண் மாறும், வழி மாறாது.

போன மாதம் எங்கள் லைனில் இருக்கும் ஒரு கல்லூரிப் பெண் இதே மாதிரி லென்ஸ் ஒன்றை வாங்கிவிட்டு, வாடிய முகத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணா, லென்ஸ் கோளாறுண்ணா. நானூறு படத்துல பத்துகூடத் தேறல. பின்னாடி இருக்கற செடியெல்லாம் கசகசன்னு தெரியுது. திருப்பிக் குடுத்துடவா?"

"கார்டைக் கொண்டா பாப்பா, முதல்ல படத்தைப் பாப்போம்" என்றேன்.

ரோலர் நின்றுபோனால் நாங்கள் எடுத்ததும் மோட்டாரைக் கழற்ற மாட்டோம். சப்ளை வருகிறதா, பெல்ட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவோம். லென்ஸுக்கும் அதே முறைதான். எந்தக் கோளாறாக இருந்தாலும் அதன் தடம் படத்திலேயே இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

கம்ப்யூட்டரில் படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். குருவியைப் பார்க்க வேண்டாம். இந்தப் படத்தில் எது தெளிவாக விழுந்திருக்கிறது என்று மூலை முதல் மூலை வரை தேடுங்கள். குருவி மங்கலாக இருந்து, அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு இலையோ குச்சியோ நறுக்கென்று இருந்தால், ஃபோகஸ் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. எதுவுமே தெளிவில்லை, பனித்துளி மாதிரி மின்னும் புள்ளியெல்லாம் ஒரே பக்கமாகக் கோடாக இழுத்திருக்கிறது என்றால் கை ஆடியிருக்கிறது. கால் பிடித்த கிளை தெளிவு, தலை மட்டும் கலைந்திருக்கிறது என்றால் குருவி அசைந்திருக்கிறது, ஷட்டர் ஸ்பீடு போதவில்லை. கோடும் இல்லை, தெளிவும் இல்லை, தண்ணீருக்கு அடியில் பார்ப்பதுபோல எல்லாம் அலையாடுகிறது என்றால் இடையில் உள்ள காற்றைச் சந்தேகப்படுங்கள். அதுவே அலையாடாமல் பால் தெளித்த மாதிரி வெளுத்திருந்தால் பனிமூட்டம், ஃபில்டர், பூஞ்சை இந்த மூன்றில் ஒன்று.

அந்தப் பெண்ணின் படங்களை இப்படிப் பிரித்துப் போட்டோம். பெரும்பாலும் முதல் வகை. அவள் எடுத்ததெல்லாம் வீட்டுப் பின்புறம் பேரிக்காய் மரத்தில் வரும் வெள்ளைக்கண்ணிக் குருவிகள். ஐந்து மீட்டர்கூட இருக்காது. லென்ஸின் பக்கவாட்டில், எந்தத் தூரத்துக்குள் ஃபோகஸ் தேட வேண்டும் என்று கட்டுப்படுத்தும் ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்சைப் பார்த்தேன். 10 மீட்டரிலிருந்து தொலைவு வரை என்ற இடத்தில் நின்றது. அந்த நிலையில் 10 மீட்டருக்குக் கிட்டே எதையும் ஆட்டோஃபோகஸ் பிடிக்காது, எத்தனை தடவை அழுத்தினாலும் மரத்துக்குப் பின்னால் இருப்பதைத்தான் பிடிக்கும். பையிலிருந்து எடுக்கும்போது விரல் பட்டு நகர்ந்திருக்க வேண்டும். லென்ஸைக் கையில் எடுத்ததும் அந்தச் சுவிட்சைப் பார்ப்பதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அதோடு சேர்த்து, கை ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் சுவிட்சையும், ஆட்டோ-மேனுவல் சுவிட்சையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பின்னணி ஏன் கரையவில்லை

அவளுடைய இரண்டாவது புகார் பின்னணி. "600 எம்.எம். போட்டா பின்னாடி வெண்ணெய் மாதிரி கரையும்னாங்களேண்ணா?" என்றாள். இதில் நிறையப் பேர் ஏமாந்து, இன்னும் விலை கூடின லென்ஸைத் தேடிப் போகிறார்கள். அது எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும்.

600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மில்லிமீட்டர். லென்ஸ் வெளிச்சத்தை உள்ளே விடும் வாயின் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பறவைக்கும் பின்னணிக்கும் உள்ள இடைவெளியை, நம்மிடமிருந்து பின்னணிக்கு உள்ள மொத்தத் தூரத்தால் வகுத்து, இந்த 95-ஆல் பெருக்குங்கள். பின்னணியில் உள்ள ஒரு புள்ளி, பறவையின் அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு அகலத்துக்குப் பரவுகிறது என்பது வந்துவிடும்.

பறவை 6 மீட்டரில் இருக்கிறது, புதர் அதற்கு 1 மீட்டர் பின்னால் என்றால், 95 பெருக்கல் 1 வகுத்தல் 7. கிட்டத்தட்ட 14 மில்லிமீட்டர். இலையின் ஓரம் ஒன்றரை சென்டிமீட்டர்கூடப் பரவவில்லை. இலை இலையாகவேதான் தெரியும். அதே பறவை, பின்னணி மட்டும் 30 மீட்டர் தள்ளி என்றால் 95 பெருக்கல் 30 வகுத்தல் 36, சுமார் 79 மில்லிமீட்டர். ஒரு இலை முழுசாகக் கரைந்து வெறும் நிறமாகிவிடும். இதே 1 மீட்டர் புதரோடு பறவை 15 மீட்டருக்குப் போய்விட்டால் வெறும் 6 மில்லிமீட்டர்தான். லென்ஸ் ஒன்றுதான், அபர்ச்சரும் ஒன்றுதான். தூரம் மட்டும் மாறியதற்கே இவ்வளவு வித்தியாசம்.

ஆகவே பின்னணி கசகசவென்று வந்தால் செய்ய வேண்டியது இரண்டு. பறவை பயப்படாத அளவுக்குக் கிட்டே போக வேண்டும். பின்னணி தூரமாக இருக்கும் கோணத்தைத் தேடி நாம் நகர வேண்டும். முதலாவது பறவையின் கையில். இரண்டாவது முழுக்க நம் கையில்.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் பெரிய வசதி உண்டு. தேயிலைச் சரிவில் மேல் வரப்பில் நின்றுகொண்டு கீழே உள்ள செடி நுனியில் உட்கார்ந்த புதர்ச்சிட்டை எடுத்தால், அதன் பின்னால் இரண்டு மீட்டரில் அடுத்த வரிசைத் தேயிலை வந்துவிடும். அப்படியே நாலு படி கீழே இறங்கி, குருவியின் கண் மட்டத்துக்கு லென்ஸ் வரும்படி மண்டியிடுங்கள். இப்போது அதற்குப் பின்னால் இருப்பது பள்ளத்தாக்குக்கு எதிரே உள்ள மலை. இருநூறு முந்நூறு மீட்டர் தூரம். பச்சையும் நீலமுமாக ஒரு துணியை விரித்த மாதிரி இருக்கும். ரொம்பக் கீழே இறங்கி அண்ணாந்து எடுத்தால் வெள்ளை வானம் பின்னால் வந்து குருவி கறுத்துப்போகும், அதுவும் வேண்டாம். சரியான உயரம் ஓர் அரை அடிக்குள் இருக்கும். கண்ணை வியூஃபைண்டரில் வைத்தபடியே உட்கார்ந்து எழுந்து பார்த்தால்தான் பிடிபடும்.

நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்களைப் பின்னால் வைக்காதீர்கள். அந்த இலையின் அடிப்பக்கம் வெள்ளி மாதிரி. இலைச் சந்துகளில் வானமும் தெரியும். மங்கலானதும் இவையெல்லாம் வெள்ளை வெள்ளை வட்டங்களாகிக் கண்ணை இழுக்கும். ஓர் எட்டு இடப்பக்கம் தள்ளி நின்றாலே அந்த மரம் சட்டத்தை விட்டுப் போய்விடும்.

அபர்ச்சரை எஃப் 8-க்குக் கூட்டினால் பின்னணி கெட்டுவிடுமோ என்று பலருக்குப் பயம். வாய் 75 மில்லிமீட்டராகிறது, மேலே சொன்ன 79 சுமார் 62 ஆகிறது. பின்னணி தூரமாக இருந்தால் அந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. இந்த வகை ஜூம்களில் பல, 600-இல் முழுசாகத் திறந்தால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். எஃப் 8-இல் இறகு இழை இழையாக வரும். வெளிச்சம் இருக்கும்போது நான் எஃப் 8-தான் வைப்பேன்.

ஆழத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். எஃப் 6.3-இல் 6 மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே சுமார் 2.4 சென்டிமீட்டர். 10 மீட்டரில் 6.5. 20 மீட்டரில் 26. பதின்மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள நீலகிரி ஈப்பிடிப்பான் நம்மைப் பார்த்து 6 மீட்டரில் உட்கார்ந்தால், கண் தெளிவாகவும் வால் மங்கலாகவும்தான் வரும். அது கோளாறே இல்லை. வாலும் வேண்டுமென்றால் அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள்.

சோலைக்குள் ஆட்டோஃபோகஸ்

லாங்வுட் சோலை கோத்தகிரி ஊரை ஒட்டி 116 ஹெக்டேரில் இருக்கிறது. 2024-இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சுற்றுக் கிராமங்களுக்குத் தண்ணீர் அங்கிருந்துதான். வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். காலை ஏழரை மணிக்கு உள்ளே நின்றால் வெளியே வெயிலே அடித்தாலும் அங்கே சாயங்காலம்தான். ஐ.எஸ்.ஓ., அதாவது சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு, 3200 வைத்து, எஃப் 6.3-இல் ஷட்டர் 1/200 நொடி கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள்.

அங்கே ஒரு ஓடைக்கரையில், முழங்கால் உயரத்தில், கறுப்பும் ஆரஞ்சுமான ஈப்பிடிப்பான் வந்து உட்காரும். ஆளைக் கண்டால் அவ்வளவாகப் பயப்படாத குருவி. முதல் தடவை பார்த்தபோது லென்ஸ் ஙொய் ஙொய் என்று முன்னும் பின்னும் ஓடியதே தவிர நிற்கவில்லை. 'ஹன்டிங்' என்பார்கள். அதற்குள் குருவி மூன்று பூச்சி பிடித்து முடித்துவிட்டது. காரணம் மூன்று சேர்ந்தது. ஃபோகஸ் ஏரியா பெரிதாக இருந்ததால் முன்னால் உள்ள குறிஞ்சித் தண்டையெல்லாம் கேமரா இழுத்துப் பார்த்தது. வெளிச்சம் குறைவு. அதற்கு முன் தூரத்தில் ஏதோ மரத்தைப் பார்த்திருந்தேன், ஃபோகஸ் அங்கேயே நின்றதால் கிட்டே உள்ள குருவி வெறும் நிறக் கலங்கலாகத்தான் சென்சாருக்குத் தெரிந்தது. அவ்வளவு கலங்கலில் எதைப் பிடிப்பது?

இப்போது நான் செய்வது இதுதான். ஒற்றைப் புள்ளி ஃபோகஸ், நடுப் புள்ளி. தொடர் ஃபோகஸ். குருவி கண்ணில் பட்டதும் கேமராவைத் தூக்கும் முன்பே, அதே தூரத்தில் நம் காலடிக்குப் பக்கம் உள்ள ஒரு கல்லிலோ தண்டிலோ ஒரு தடவை ஃபோகஸ் செய்துவிடுவேன். அல்லது இடது கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக் குருவி ஓரளவு உருவம் வரும்வரை கொண்டுவருவேன். அதற்கப்புறம் பட்டனைத் தொட்டால் லென்ஸ் ஓடாது, கடைசி ஒரு நூலை மட்டும் சரிசெய்து நிற்கும்.

புள்ளியை எங்கே வைப்பது என்பது இன்னொரு விஷயம். கறுப்புத் தலையின் நடுவில் வைத்தால் கேமராவுக்குப் பிடிக்க ஒன்றுமே இல்லை. அதற்கு ஓரம் வேண்டும், இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் கோடு. கறுப்பும் ஆரஞ்சும் சேரும் கழுத்தோரத்தில் வையுங்கள். அதுவும் பிடிக்கவில்லையா, காலும் கிளையும் சேருமிடத்தில் வையுங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்த குருவிக்குக் கால் இருக்கும் தூரமும் கண் இருக்கும் தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான். பனிமூட்டத்தில் எனக்கு எப்போதும் கைகொடுப்பது இந்தக் கால்தான்.

மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா வைத்திருப்பவர்களுக்குக் குருவியின் கண்ணைத் தானே தேடும் வசதி பலவற்றில் உண்டு. ஆனாலும் புதருக்குள் அது பின்னணியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நிற்கும். அப்போதும் கிட்டே உள்ள எதிலாவது ஃபோகஸ் செய்து திரும்புவதுதான் மருந்து. படுக்கையாக ஓடும் கம்பியிலோ கிளையிலோ பிடிக்கவில்லை என்றால் கேமராவைச் சற்றுச் சாய்த்துப் பாருங்கள். மிரர்லெஸ் கேமராக்களில் பல, செங்குத்தான கோட்டைத்தான் நன்றாகப் பிடிக்கும்.

ஈப்பிடிப்பான்கள் பறந்து பூச்சி பிடித்துவிட்டு அடிக்கடி அதே கிளைக்குத் திரும்பும். ஆகவே துரத்தாதீர்கள். கிளையில் ஃபோகஸை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நில்லுங்கள். ஒலி போட்டு அழைப்பது, கூட்டுக்குக் கிட்டே போவது இரண்டும் கூடவே கூடாது. ஒரு படத்துக்காக ஒரு கூடு கைவிடப்பட்டால் அதைத் திரும்பக் கொடுக்க நம்மால் முடியாது.

ஷட்டர் விஷயத்தில் ஐ.எஸ்.ஓ.-வைக் கண்டு பயப்படாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் குருவிக்கு 1/500, தலையாட்டும் குருவிக்கு 1/1000. ஐ.எஸ்.ஓ. கூடிப் படத்தில் புள்ளிப் புள்ளியாகக் குருணை தெரிந்தால் பின்னால் கம்ப்யூட்டரில் குறைத்துக்கொள்ளலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. சோலைக்குள் அந்த ஸ்பீடு கிடைக்காதபோது லென்ஸை எதன்மீதாவது சாய்க்க வேண்டும். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து, உள்ளே காய்ந்த அவரைக் கொட்டை போட்டு ஒரு பை வைத்திருக்கிறேன். பாறையிலோ வேலிக் கல்லிலோ அதை வைத்து மேலே லென்ஸைக் கிடத்தினால் 1/125-இலும் படம் நிற்கும். பட்டனைப் பாதி அழுத்தி, ஸ்டெபிலைசேஷன் படத்தை நிறுத்தும்வரை அரை நொடி பொறுத்து, அப்புறம் முழுசாக அழுத்துங்கள்.

சூடும் குளிரும்

இதை நான் கண்டுபிடிக்க இரண்டு குளிர்காலம் ஆனது. ஷிஃப்ட் முடிந்து எடுக்கும் முதல் அரைமணி நேரப் படங்கள் எப்போதும் மெத்தென்றே இருக்கும், ஏழு மணிக்கு மேல் சரியாகிவிடும். வெளிச்சம் என்று நினைத்தேன். அது இல்லை. ராத்திரி முழுக்கக் கேமராப் பை டிரையர் பக்கத்தில், கதகதப்பான அறையில் இருக்கும். வெளியே ஜனவரிக் குளிர். சூடான லென்ஸிலிருந்தும், அதன் முன்னால் மாட்டும் குழாய் மாதிரியான ஹூடுக்குள்ளிருந்தும் சூட்டுக் காற்று குளிர்க் காற்றோடு கலந்து, கண்ணாடிக்கு முன்னாலேயே கானல் நீர் மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. அந்தப் படங்களைப் பெரிதாக்கினால் இறகோரம் அலையலையாக இருப்பது தெரியும். இப்போது பையை வெளித் திண்ணைப் பக்கம் வைத்துவிடுகிறேன். மறந்துவிட்டால் ஹூடைக் கழற்றி, லென்ஸை அரைமணி நேரம் வெளிக்காற்றில் விடுகிறேன். நிறுத்திய காருக்குள் ஹீட்டர் போட்டுக்கொண்டு கண்ணாடியை இறக்கி எடுப்பவர்களுக்கும் இதேதான் நடக்கும். வெயில் ஏறியபிறகு தார் ரோட்டுக்கு மேலாகத் தூரத்துப் பறவையை எடுத்தாலும் இதேதான். அதற்குக் கிட்டே போவதைத் தவிர வேறு மருந்து கிடையாது.

திரும்பும்போது நேர்மாறு. குளிர்ந்த லென்ஸைச் சூடான அறைக்குள் திறந்தால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். ஜிப்பைப் போட்ட பையோடு ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். மழை மாதங்களில் தோல்பையில் வைத்தால் பூஞ்சை நிச்சயம். முறுக்கு டப்பா மாதிரி ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாத பெட்டியில் நீல சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அது ரோஸாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது. சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பாத்திரத்தில் மெதுவாகச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். மாதம் ஒருமுறை டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் பிடித்து முன்பக்கம் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி ஏதாவது தெரிந்தால் தள்ளிப்போடாமல் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

தீப்பெட்டிச் சோதனை

இதெல்லாம் பார்த்த பிறகும் ஃபோகஸ் ஒரே பக்கமாக, எப்போதும் முன்னாலோ எப்போதும் பின்னாலோ விழுந்தால் மட்டும் கேமராவும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். ஐந்து தீப்பெட்டிகளை ஒரு பலகையில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் முந்தியதற்கு 5 சென்டிமீட்டர் பின்னாலும், ஒன்றை ஒன்று மறைக்காமல் பக்கத்தில் தள்ளியும் இருக்கட்டும். படம் போட்ட பக்கம் நம்மைப் பார்க்க வேண்டும். 10 மீட்டர் தள்ளி முக்காலியில் கேமராவை வைத்து, ஸ்டெபிலைசேஷனை அணைத்து, 600-இல் முழு அபர்ச்சரில் நடுப் பெட்டியில் ஃபோகஸ் செய்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடித்து, பத்துப் படம். பிறகு லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில் பார்த்து, அதே பத்து.

லைவ் வியூவில் நடுப் பெட்டி தெளிவு, வியூஃபைண்டர் வழியில் மட்டும் மூன்றாவதுக்குப் பதில் நாலாவது தெளிவு என்றால், கேமரா மெனுவில் ஏ.எஃப். ஃபைன் டியூன் என்ற ஃபோகஸ் திருத்தம் இருந்தால் அதில் சரிசெய்யலாம். இரண்டிரண்டு எண்ணாக நகர்த்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். என் லென்ஸுக்கு மைனஸ் 6-இல் நின்றது. பத்துப் படத்தில் தெளிவு இங்கும் அங்குமாகச் சிதறினால் ஃபைன் டியூன் உதவாது. மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் இந்தச் சோதனை பெரும்பாலும் தேவைப்படாது.

மீதி சின்ன விஷயங்கள். முன்னால் மாட்டிய மலிவு ஃபில்டரைக் கழற்றி ஒரு படம், மாட்டி ஒரு படம் எடுத்துப் பாருங்கள். 600-இல் அது தெளிவையும் குறைக்கும், பின்னணியில் கோடு கோடாகவும் விழவைக்கும். லென்ஸ் கேமராவைத் தொடுமிடத்தில் உள்ள உலோகப் புள்ளிகளை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி இன்னும் பெரிதாக்கும் 1.4 டெலிகன்வர்ட்டர் போட்டால் எஃப் 6.3 சுமார் எஃப் 9 ஆகிவிடும். பெரும்பாலான டி.எஸ்.எல்.ஆர்.களில் அதற்குமேல் ஆட்டோஃபோகஸை நம்ப முடியாது.

லைவ் வியூவிலும் மங்கல், படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கல், வளையத்தைத் திருப்பும்போது மண் அரைக்கிற மாதிரி சத்தம், இந்த மூன்றில் ஏதாவது இருந்தால் சர்வீஸுக்கு அனுப்புங்கள். "ஃபோகஸ் ஆகவில்லை" என்று மட்டும் எழுதிக்கொடுத்தால், வெறுமனே துடைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எனக்கு ஒருமுறை அப்படித்தான் வந்தது. தீப்பெட்டிப் படங்களை ஒரு கார்டில் போட்டு, எந்த ஜூமில், எத்தனை மீட்டரில், எந்தப் பெட்டி தெளிவாக விழுகிறது என்று தாளில் எழுதி லென்ஸோடு சேர்த்து வையுங்கள். முடிந்தால் கேமராவையும் கூடவே அனுப்புங்கள்.